தெரிந்த பெயரைக் கேட்டேன்

ஃபயர் மார்ஷல்களுக்குச் சட்ட அதிகாரம் கொடுக்கலாமா, கூடாதா என்று ஒக்லாந்தின் மேற்கே உள்ள ஹென்டர்சனில் ஒரு பொதுக்கூட்டம் வைத்தார்கள். பேசியவர்களில் வயதில் குறைந்தவன் நான். அதிக நேரம் பேசியவனும் நான்தான். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மனுகாவில் படித்து முடித்துவிட்டு, அந்தப் பகுதிக் கவுன்சிலில் ஃபயர் மார்ஷலாக ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மார்ஷல் என்றால் தீயணைக்கிறவர் இல்லை. தீப் பிடிக்குமுன் போகிறவர். மலையடிவாரத்து வீட்டு வளவுகளில் புல் காய்ந்து கிடக்கிறதா, யாராவது குப்பை கொளுத்துகிறார்களா என்று பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறவர். சொல்ல மட்டும்தான் முடியும். கேற்றைச் சாத்தினால் திரும்பி வரவேண்டியதுதான். நான் சேர்ந்த முதல் மாதமே ஒருவர் அப்படிச் சாத்தினார். காய்ந்த மரக்கிளைகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். நான் பேசப் பேசச் சிரித்துக்கொண்டே கொக்கியைப் போட்டார். பின்னேரம் அந்தச் சரிவில் இருந்த முட்பற்றை முழுவதும் எரிந்தது. இரண்டு வீடு தப்பியது காற்றின் தயவில்.

கூட்டத்தில் அதைத்தான் சொன்னேன். கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். எங்களுக்கு வளவுக்குள் நுழைய அதிகாரம் வேண்டும், தீயை அணைக்கச் சொல்ல அதிகாரம் வேண்டும், பெயர் விலாசம் கேட்டு எச்சரிக்கை நோட்டீஸ் எழுத அதிகாரம் வேண்டும் என்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, இவர்கள் என்ன கேட்கலாம் என்று வாசலில் தந்த இந்தத் தாளில் எழுதியிருக்கிறது, என்ன கேட்கக் கூடாது என்பது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் உடனே எழுந்தேன். தேவைக்கு மேல் ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம், கேட்டுக்கொண்டு நிற்க எங்களுக்கு நேரமும் இல்லை என்றேன். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது அன்றைக்கு வெற்றியாகப் பட்டது.

அந்தக் கோடைக்கு மட்டும் என்று கவுன்சில் அதிகாரத்தைக் கொடுத்தது. கோடை முடிந்ததும் ஒரு குழு கூடி, எழுதப்பட்ட நோட்டீஸ்களை எடுத்துப் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும். தொடர்ந்தால் என் வேலை நிரந்தரம்.

படம் ஒட்டிய அட்டை ஒன்று தந்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தவன் மலேசியத் தமிழன், எல்லர்ஸ்லியில் ஒரு கம்பனியில் பொறியாளன். அட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னலா, இனிமே நான் சிகரெட்டு பத்த வைக்கணும்னா உன்கிட்ட பெர்மிட் வாங்கணுமா?" என்றான். சிரித்தேன். ஆனால் சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை.

இனி அண்ணரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இவ்வளவு நேரம் இழுத்ததும் காரணமாகத்தான்.

அவர் மன்னார் ஆள். ஹென்டர்சனில், அடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. நாலு வருடமாகத் தனியே இருந்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில். அவர்களைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் குடிவரவு அலுவலகத்தில் இருந்தது. மூத்த மகளுக்கு ஜூலையில் பிறந்தநாள். அது வந்தால் பிள்ளை என்று கூப்பிடும் வயதெல்லையை அவள் தாண்டிவிடுவாள். பிறகு தகப்பனின் விண்ணப்பத்தில் அவளுக்கு இடமில்லை. ஜூலைக்கு முன் முடிவு வர வேண்டும். எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லாருக்கும் இது தெரியும். ஞாயிறுதோறும் மன்றாட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லுவோம். பூசை முடிந்தால் எங்களைப் போன்ற தனிக்கட்டைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் புட்டும் மீன்குழம்பும் தருவார். அந்தக் குழம்பை நான் எத்தனை ஞாயிறு தின்றிருப்பேன் என்று எண்ண முடியாது.

அவர் கையில் இன்னொரு பொறுப்பும் இருந்தது. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துத் தரும் ஓலையைச் சிலுவையாக மடித்து, வீட்டில் திருப்படத்துக்குப் பின்னால் ஒரு வருடம் செருகி வைத்திருப்போம். அடுத்த விபூதிப் புதனுக்கு முன் அவற்றைத் திரும்ப வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவது. எரிப்பது அண்ணர். ஊரிலும் கோயிலில் அதைச் செய்தவராம். ஊரில் அது மாரிமழை ஓய்ந்த காலத்தில் வரும். ஒக்லாந்தில் விபூதிப் புதன் வருவது கோடையின் உச்சத்தில். அந்த வருடம் பல வாரங்களாக மழை இல்லை. வெளியில் தீ மூட்டக் கூடாது என்று கவுன்சில் முழுத்தடை போட்டிருந்தது. அந்த அறிவித்தலைக் பெரிய கடைகளிலும் டெய்ரி என்கிற தெருமுனைக் கடைகளிலும் ஒட்டித் திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

பூசையில் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தடை விழுந்த பிறகு வந்த ஞாயிறன்று, என் ஓலைச் சிலுவையைக் கொண்டுபோய் அண்ணரின் கையில் கொடுத்தேன். தூசியை ஊதிவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் எரிப்பார் என்று எனக்குத் தெரியும். எரிக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் என் தலைக்குள் வேறு வேறு அறையில் இருந்தன.

செவ்வாய் பின்னேரம் அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு வந்தது. பக்கத்து வளவிலிருந்து புகை வருகிறது, காயப்போட்ட உடுப்பெல்லாம் மணக்கிறது என்று. விலாசத்தைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். அன்று பார்த்து, நான் எப்படி வேலை செய்கிறேன் என்று பார்க்க மேலாளர் என்னோடு வந்தார். பல வருடம் தீயணைப்பில் இருந்த வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். என் ஆட்களுக்கு நான் சலுகை காட்டுவேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. வழி முழுக்க எனக்கு ஓடியது அது ஒன்றுதான்.

பக்கவாட்டுக் கேற்றால் உள்ளே போனோம். சீமெந்துத் தரையில் பாதியாக வெட்டிய தகர பீப்பா, அதற்குள் ஓலை. ஒரு பக்கம் நனைத்த சாக்கு. மறுபக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஹோஸ். நாங்கள் நடத்தும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை விட ஒழுங்காக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் முறைப்பாடு செய்த வீட்டில் பாபிகியூ அடுப்பு வேறு புகைந்துகொண்டிருந்தது. அதற்குத் தடையில் விலக்கு.

அண்ணர் குச்சியால் ஓலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ தம்பி. நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்கள். உங்கட ஓலையும் இதுக்குள்ளதான் கிடக்கு."

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். சேர் என்று விளித்தேன். முழுத்தடை நடைமுறையில் இருக்கிறது, நான் ஃபயர் மார்ஷல், இந்தத் தீயை உடனே அணைக்க வேண்டும் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்து முதலில் அவர் சிரித்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற மேலாளரைப் பார்த்தார். ஹோஸை எடுத்துப் பீப்பாவுக்குள் பிடித்தார். சாம்பல் கறுப்புத் தண்ணீராகி விளிம்பு வரை வந்தது.

அதோடு போயிருக்கலாம். நான் நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்து, பேனாவைக் கழற்றி, "யுவர் நேம் ப்ளீஸ்" என்றேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அவர் மனைவியின் பெயர் தெரியும். மூன்று பிள்ளைகளின் பெயரையும் ஞாயிறு மன்றாட்டில் வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவர் பெயரைச் சொல்லவில்லை. கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி, நிமிர்ந்து நின்றார். பிறகு, ஒரு நிமிஷம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். யாரும் கேட்கவில்லை. மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகிற வழியில், சோதனைச் சாவடியில் பெயர் என்ன என்று ஒருவன் கேட்டால் வாயால் சொல்வது பதில் ஆகாது. அடையாள அட்டையை நீட்ட வேண்டும். வாய் திறக்குமுன் கை போய்விடும். எனக்கும் அந்தக் கை இருந்தது. வவுனியாவில் பதினாறு வயதில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆகவே அவர் செய்தது எனக்கு விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது.

இது தேவையில்லை அண்ணர் என்று தமிழில் மூன்று சொல் போதும். நான் வாங்கினேன். பொலித்தீனைப் பிரித்தேன். பெயரைப் பார்த்து எழுதிவிட்டு, பாஸ்போர்ட் இலக்கத்தையும் நோட்டீஸின் ஓரத்தில் எழுதினேன். அதற்கு அந்தத் தாளில் கட்டம் கூட இல்லை. ஏன் எழுதினாய் என்று பிறகு எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். கையில் இருந்தது, எழுதினேன். அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. எழுதும்போது என் கையெழுத்து அழகாக இருந்தது என்று நினைத்தது கூட நினைவிருக்கிறது.

காரில் ஏறியதும் மேலாளர், அந்த மனிதரைத் தெரியுமா என்று கேட்டார். கோயிலில் கண்ட முகம் என்றேன். அவர் சீட்பெல்ட்டை மாட்டினார். நானென்றால் வாயால் சொல்லிவிட்டு வந்திருப்பேன் என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். யாருக்குப் பயந்து நான் அந்தப் புத்தகத்தைத் திறந்தேனோ, அவருக்கு அது தேவைப்படவே இல்லை.

மறுநாள் பூசைக்கு ஃபாதர் வேறொரு பங்கிலிருந்து சாம்பல் கடன் வாங்கி வந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, அண்ணரும் சொல்லவில்லை. நான் வரிசையில் நின்று பூசிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அண்ணர் என்னைக் கூப்பிட்டார். முன்புபோலவே தம்பி என்றார், ஆனால் இரண்டடி தள்ளி நின்றார். குடிவரவு அலுவலகம் விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்துக்கு இன்னொரு படிவம் அனுப்பியிருந்தது. உங்கள் மேல் ஏதாவது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்று அதில் ஒரு கேள்வி. அவர் ஆம் என்று குறித்து, நோட்டீஸின் பிரதியையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

"ஏன் அண்ணர்? அது வெறும் எச்சரிக்கைதானே" என்றேன். அன்றைக்குத்தான் அதைத் தமிழில் சொன்னேன்.

"நீங்கள் நம்பரை எழுதினீங்கள்தானே தம்பி. அப்ப அவையளுக்கும் போயிருக்கும் எண்டு நினைச்சன். நான் மறைச்சா, பொய் சொன்ன மாதிரியெல்லோ வந்திடும்."

குடிவரவு அலுவலகம் இப்போது, இது என்ன குற்றம், என்ன நடவடிக்கை என்று கவுன்சிலிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்லியிருந்தது. அது வரும்வரை கோப்பு நகராது. "தம்பி ஒரு கடிதம் தந்தாச் சரி. ஜூலைக்கு இன்னும் நாள் கிடக்கு" என்றார். நாளைக்கே தருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போனேன். அவர் நோட்டீஸின் பிரதியை எடுத்துப் பார்த்தார். இது வழக்கு இல்லை, எச்சரிக்கை என்று இரண்டு வரி எழுது, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பிறகு ஓரத்தில் இருந்த இலக்கத்தில் விரலை வைத்து, இது என்ன என்றார். சொன்னேன். அவர் தாளைக் கீழே வைத்தார். இதைக் கேட்க நமக்கு அதிகாரம் இல்லை, நீ தவறாக எழுதியது என்று கடிதத்தில் சேர்க்க வேண்டும், அதன் பிரதி குழுவின் கோப்புக்கும் போக வேண்டும் என்றார்.

குழு கூடுவது ஏப்ரல் கடைசியில். அந்த ஆசிரியை பொதுமக்கள் சார்பில் குழுவில் ஓர் உறுப்பினர்.

நான் கடிதத்தை எழுதவில்லை. எழுத மாட்டேன் என்று முடிவு செய்யவும் இல்லை. அதுதான் இதில் அசிங்கமான பகுதி. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று வைத்தேன். இந்த அதிகாரம் போய்விட்டால் அடுத்த கோடையில் அந்தச் சரிவு மறுபடி எரியும், ஒருவருடைய காகிதம் கொஞ்சம் பிந்துவது பெரிதா, ஊர் எரிவது பெரிதா என்று எனக்குள்ளேயே கூட்டம் வைத்துப் பேசினேன். அந்தக் கூட்டத்திலும் நான் நன்றாகத்தான் பேசினேன். என் நிரந்தர வேலையைப் பற்றி அதில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மேலாளர் ஒரு தரம் விசாரித்தபோது, அவரிடமிருந்து சில விபரம் வர வேண்டும் என்று பொய் சொன்னேன்.

அண்ணர் முதல் இரண்டு ஞாயிறும், "ஏதும் நடந்துதோ தம்பி?" என்று கேட்டார். ஒஃபிசில் நடந்துகொண்டிருக்கிறது என்றேன். பிறகு நான் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். ஞாயிறும் வேலை என்று சொல்லியனுப்பினேன். அவர் எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். மலேசியன்தான் எடுத்துப் பேசி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் குறிப்புத் துண்டு ஒட்டி வைப்பான். மூன்றாவது துண்டை ஒட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றான். விஷயத்தைக் கேட்டான். முழுவதும் சொன்னேன்.

"கடிதம் எழுத எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"அவரு உனக்குச் சாப்பாடு போட்டவருடா. பத்து நிமிஷத்துக்கு எதுக்கு இத்தனை வாரம்?"

கத்தவில்லை. துண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு சேர்ந்து சமைப்பது குறைந்துபோனது.

ஏப்ரல் கடைசியில் குழு கூடியது. என் நோட்டீஸ் கட்டில் அண்ணரின் தாளும் இருந்தது. ஓரத்தில் இருந்த இலக்கத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏதோ கோப்பு எண் என்று நினைத்திருப்பார்கள். அதிகாரம் தொடர்ந்தது. கை கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்துக் கடிதத்தை எழுதினேன். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. இலக்கம் தவறுதலாகப் பதியப்பட்டது என்று எழுதினேன். யார் பதிந்தது என்று எழுதவில்லை. மேலாளர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அவர் கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

கடிதத்தை நானே அண்ணரின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு தரம் வாசித்தார். ஏழு வாரம் ஆகியிருந்தது. ஏன் என்று கேட்பார் என்று காத்து நின்றேன். "பெரிய உபகாரம் தம்பி" என்றார்.

முடிவு ஆகஸ்டில் வந்தது. மனைவிக்கும் இளைய இருவருக்கும் விசா. மூத்தவள் வயதைத் தாண்டிவிட்டாள் என்று தனியே ஒரு தாள். அந்த ஏழு வாரம் இல்லாவிட்டால் முடிவு ஜூலைக்கு முன் வந்திருக்குமா? குடிவரவு அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்து, யார் என்று சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். எதிர்முனையில் இருந்த பெண், அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு சில நாள் நித்திரை கொண்டேன்.

அவர்கள் வந்த அன்று விமான நிலையத்துக்கு அண்ணர் என்னையும் கூப்பிட்டார். கவுன்சில் வேலை நிரந்தரமான பிறகு நான் வாங்கிய வான் வண்டி இருந்தது. பெட்டிகளுக்கு வசதி என்று கேட்டார். மறுக்க எனக்கு முகம் இல்லை. மனைவி வெளியே வந்தார், ஒரு மகன், ஒரு மகள். நாலு வருடத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் தகப்பனைத் தொட வெட்கப்பட்டார்கள். மனைவி இரண்டு தரம் பின்னால் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார். பழக்கத்தில் தலைகளை எண்ணியிருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்களுக்குக் கடிதம் எழுதித் தந்த தம்பி" என்றார் அண்ணர்.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். விமானத்தின் குளிர் அந்தக் கையில் இன்னும் இருந்தது. "இவர் எனக்கு எழுதினவர். உங்கட கடிதத்தாலதான் எல்லாம் அசைஞ்சது எண்டு. கோயிலில உங்கட பேருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்" என்றார். பிறகு, கேட்கத் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, மூத்தவளுக்கும் அப்பிடியொரு கடிதம் எழுதலாமோ?"

எந்தக் கடிதத்தாலும் இனி ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அண்ணருக்கும் தெரியும். ஏன் ஆகாது என்பதை, இப்போது, இவரிடம், தமிழில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான் என்பதும் தெரியும்.

"எழுதிப் பாப்பம் அக்கா" என்றேன்.

அண்ணர் குனிந்து இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகத் தூக்கினார். ஒன்றைத் தாருங்கள் என்று கையை நீட்டினேன். பாரமில்லை தம்பி, பாரமில்லை என்று சொல்லிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் எனக்கு முன்னால் நடந்தார்.